தூசிப் படை

என்னிடம் இருப்பது ஐந்தே பேர்.
ஆயிரம் புள்ளிக்கு ஐந்து பேர்.
எபினேசரிடம் அதே ஆயிரத்துக்கு
அறுபத்து நான்கு பூச்சிகள்.

சனி இரவு. பெரம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரண்டு தண்ணீர் கேன்கள் சுமக்கும் பழைய கதவுப் பலகை
இன்றைக்குச் செத்துப்போன ஒரு கோள்.
ஃப்ரிட்ஜோடு வந்த தெர்மாகோல் இடிந்த நகரம்.
தீர்ந்துபோன கொசு மருந்துக் குப்பி
கடைசிச் சமிக்ஞைக் கோபுரம்.
ஐந்தாம் சுற்று முடியும்வரை
அதன் அடியில் எவனாவது ஒருவன் நிற்க வேண்டும்.

என் ஐவருக்கும் பஸ் நம்பர்தான் பெயர்.
இருபத்தொன்பது சி, பன்னிரண்டு பி, ஐந்து பி,
இருபத்தேழு டி, நாற்பத்தேழு டி.
எதிரியின் முதுகுக்குப் பின்னால்
வானத்திலிருந்து இறங்கும் படை இது.
எந்தச் சுற்றில் இறங்கும் என்பது பகடை கையில்.
நான்கு விழுந்தால் வரும்.
விழாவிட்டால்
அடுத்த சுற்றுவரை நிறுத்தத்தில் நில்.

பழைய தமிழில் முன்னணிப் படைக்குத் தூசி என்று பெயர்.
முதலில் போய் முதலில் சாகிறவர்கள்.
வாரம் முழுக்க அலமாரிமேல் நிற்கும் இவர்களைப்
பிரஷால் தட்டும்போது
அகராதியின் இரண்டு பொருளும்
ஒன்றாகத்தான் எழும்புகின்றன.

கார்த்திகை ஈரத்தில் வார்னிஷ் அடித்தது என் தப்பு.
பன்னிரண்டு பி-யின் முகம் வெள்ளையாகப் பூத்துவிட்டது,
கண்புரை விழுந்த மாதிரி.
ஐந்து பி கஸ்டம்ஸிலேயே கை உடைந்து வந்தான்;
ஊக்கை வளைத்து ஒட்டினேன்.
பெட்டிக்குக் கட்டிய வரி
எபினேசருக்குப் பத்து நாள் கூலி.
எனக்குத் தெரியும்.
அவன் கம்பெனிக்குச் சம்பளப் பட்டியல் போடுவது நான்.

அவன் பூச்சிகள் அம்பத்தூரில் பிறந்தவை.
டூல் ரூமில், நைட் ஷிப்டில்,
சூப்பர்வைசர் தூங்கிய பிறகு
மீந்த ரெசினை ஒரே அச்சில் ஊற்றி எடுத்தவை.

மூன்றாம் சுற்றில்தான் என் ஆட்கள் இறங்கினார்கள்.
இறங்கிய வேகத்தில் பத்தொன்பது பூச்சி காலி.
"இன்னா, கணக்கு பாத்து அடிக்கிறியா?" என்றான்.
கணக்குத்தான்.
என் ஒருவன் விழுவதற்குள்
அவனில் பன்னிரண்டு செத்தாலும்
அவனுக்குத்தான் லாபம்.
நான்காம் சுற்றில் அதை அவனும் பிடித்துக்கொண்டான்.
கண்புரைக்காரன் போனான். ஊக்குக்கை போனது.
டி இரண்டும் ஒரே பிடியில்.

கோபுரத்தடியில் இருபத்தொன்பது சி மட்டும் நிற்கையில்
கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் பூச்சிகளின் நிழல் சுவரேற,
அங்கே ஏற்கனவே இருந்த பல்லி
யார் பக்கம் என்று தெரியவில்லை.
கவசத்துக்கு இரண்டு விழுந்தால் போதும்.
உருட்டினேன்.
பகடை தெர்மாகோலில் சாய்ந்து நின்றது,
இரண்டுமில்லாமல் ஒன்றுமில்லாமல்.

"ரெண்டுன்னே வச்சுக்கோயேன்" என்றான்.
அவன் விட்டுக்கொடுத்து நான் ஜெயிப்பதா?
சாய்ந்தால் மறுபடி உருட்டணும், அதுதான் விதி.
உருட்டினேன்.

ஒன்று.

செத்த பூச்சிகளை அவன் பொறுக்கும்போதுதான் பார்த்தேன்:
அடித்தட்டில் மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்.
செங்கேணி. பாஷா. அந்தோணிதாஸ்.
குப்பம்மா, கேன்டீன்.
"ஷிப்ட்ல கீறவங்கதான். ஒரு அடையாளத்துக்கு."
என் பட்டியலில் இவர்கள் டோக்கன் நம்பர்கள்.
போன மாதம் நான் எடுத்துவிட்ட இரண்டு வரிகளும்
இதற்குள்தான் எங்கோ இருக்கும்.
எந்த இரண்டு என்று கேட்கவில்லை.

"அடுத்த வாரம் மாத்திக்கலாம்.
அஞ்சு பேரை எங்கிட்ட குடு, நீ பூச்சி எடு."
"இத்தனை பேர் பேரு எனக்கு எப்பிடித் தெரியும்?"
"சம்பளம் போடுற உனக்கா?"
சிரித்தான். சிரிப்புதான்.

கரண்ட் வந்தது.
ஃபேன் ஒரு சுற்று யோசித்துவிட்டுச் சுழல,
தெர்மாகோல் நகரம் பொடியாகப் பறந்து
விழுந்து கிடந்தவன் தோளில் படிந்தது.
எபினேசர்தான் குனிந்து
அதை ஊதிவிட்டான்.